பரங்கிப்பேட்டை: வெள்ளாற்று முகத்துவாரத்தின் பழைய ‘புதிய துறைமுகம்’

பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள பழைய துறைமுக ஊர். கடலூருக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில், சிதம்பரத்துக்கு வடகிழக்கே உள்ளது. இன்று ஒரு பேரூராட்சி. ஐரோப்பியர்கள் இதைப் ‘போர்ட்டோ நோவோ’ என்று அழைத்தனர். போர்ச்சுக்கீசிய மொழியில் அதற்குப் ‘புதிய துறைமுகம்’ என்று பொருள்.

விருத்தாசலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், ‘போர்ட்டோ நோவோ போர், 1781’ என்ற வரியைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். ஆண்டைச் சரியாக எழுதிவிடுவார்கள். “அந்த ஊர் எங்கே இருக்கிறது?” என்று ஒருமுறை கேட்டபோது ஒருவன் போர்ச்சுகல் என்றான், இன்னொருவன் ஆப்பிரிக்கா என்றான். இரண்டாவது பையனைக் குறை சொல்ல முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுத் தலைநகருக்கும் இதே பெயர்தான். ஆனால், தன் வீட்டு மீன்குழம்பில் கொதிக்கும் மீன் வரும் பரங்கிப்பேட்டைதான் அந்தப் போர்ட்டோ நோவோ என்பது வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சொல்லித்தரவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

விருத்தாசலத்துக்கும் இவ்வூருக்கும் ஆற்றுவழித் தொடர்பே உண்டு. விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. விருத்தாசலம் என்ற சொல்லுக்குப் பழைய மலை என்று பொருள். முதுகுன்றம் என்பது அதன் தமிழ்ப் பெயர். பழைய மலையின் தண்ணீர் புதிய துறைமுகத்தில் போய்ச் சேருகிறது.

ஆறும் கழிமுகமும்

இங்கே பேசப்படுவது வட வெள்ளாறு. புதுக்கோட்டைப் பக்கம் ஓடும் தென் வெள்ளாறு வேறு. சேலம் மாவட்ட மலைகளில் தோன்றும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகின்றன. கல்வராயன் மலையிலிருந்து வரும் மணிமுத்தாறும் கலந்தபின், ஆறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகக் கிழக்கே செல்கிறது. கோடையில் மேல்பகுதியில் மணல்தான் தெரியும். ஆனால் பரங்கிப்பேட்டைக்கு அருகே ஆறு எந்நாளும் வற்றுவதில்லை. அங்கே நிற்பது பாதி ஆற்று நீர், பாதி கடல் நீர். நாள்தோறும் ஓதம் ஏறும்போது கடல் உள்ளே வருகிறது; இறங்கும்போது ஆறு வெளியே போகிறது. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் கூடும்.

பழைய காலத்து மரக்கலங்களுக்கு இந்தக் கழிமுகம் நல்ல புகலிடம். பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட, சிறு படகுகள் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவரும். குறையும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆறு கொண்டுவரும் மணலும் அலை தள்ளும் மணலும் முகத்துவாரத்தில் திட்டாகப் படியும். திட்டு இடம் மாறும், ஆழம் மாறும். கலங்கள் சிறியதாக இருந்தவரை இது பெரிய தொல்லை இல்லை. நீராவிக் கப்பல்களின் காலத்தில் அது துறைமுகத்தின் விதியாகிவிட்டது.

தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் சதுப்புநிலக் காடு இருக்கிறது. அங்கு வேரோடிய தில்லையும் சுரபுன்னையும் கண்டலும் இவ்வூர்ச் சமையலறைக்கும் சம்பந்தப்பட்டவை. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அந்த வேர்களுக்கிடையில்தான் வளர்கின்றன.

பெயர்கள்

ஒரே ஊருக்கு இத்தனை பெயர் இருப்பது, இத்தனை பேர் வந்துபோனார்கள் என்பதைக் காட்டுகிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி செஞ்சி நாயக்கர் ஆட்சியில் இருந்தது. 1597இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெண்டா, வெள்ளாற்றின் முகத்தில் கிருஷ்ணப்ப நாயக்கர் தம் பெயரில் ஒரு புதிய நகரை எழுப்பி வருவதைக் குறிப்பிட்டுள்ளார். போர்ச்சுக்கீசியர் தம் மொழியில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம் அரசுகளின் காலத்தில் ‘மஹ்மூது பந்தர்’ என்ற பெயர் வழங்கியது. பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம்.

மக்கள் வாயில் நின்றது பரங்கிப்பேட்டைதான். ஐரோப்பியரைக் குறித்த அரபு, பாரசீகச் சொல்லான ‘ஃபரங்கி’ தமிழில் பரங்கி அல்லது பறங்கி ஆயிற்று. பரங்கியர் இருந்த பேட்டை, பரங்கிப்பேட்டை. பரங்கிக்காய்க்கும் இதே வரலாறுதான். அந்தக் காய் இவ்வூரிலிருந்து வந்ததால் அப்பெயர் பெறவில்லை. அமெரிக்கக் கண்டத்துக் காயான அதைக் கொண்டுவந்தவர் பரங்கியர் என்பதால் பரங்கிக்காய் ஆனது. சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் பரங்கிப்பட்டையும் அப்படியே. அது சீன நாட்டு வேர். போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. எழுத்து ஒன்று மாறினால் ஊர், மருந்தாகிவிடும். விடைத்தாளில் அதையும் பார்த்திருக்கிறேன்.

கோட்டை இல்லாத துறைமுகம்

தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கோட்டை கட்டினர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1674இல் காலூன்றினர். கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1690இல் ஒரு கோட்டையை மராட்டியரிடம் வாங்கிப் புனித டேவிட் கோட்டை ஆக்கினர். இம்மூன்று ஊர்களுக்கும் நடுவில் இருந்தும் பரங்கிப்பேட்டை எந்த ஒரு கம்பெனிக்கும் தனிச்சொத்தாகவில்லை. இங்கு குடியேறிய போர்ச்சுக்கீசியரும் பெரும்பாலும் கோவா அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லாத தனி வணிகர்களே. டச்சுக்காரர் 1680 முதல் பண்டகசாலை வைத்திருந்தனர். ஆங்கிலேயரும் வந்தனர். செஞ்சி நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபு என்று மேலே ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. கீழே துறையில் தறித்துணியும் அரிசியும் ஏறிக்கொண்டே இருந்தன. இவ்வூர்ப் பெயரால் ‘போர்ட்டோ நோவோ வராகன்’ என்ற பொன் நாணயமும் வழங்கியது.

யாருக்கும் சொந்தமில்லாத துறை எல்லாருக்கும் திறந்திருந்தது. இதுவே அதன் பலம், இதுவே அதன் பலவீனமும் ஆகும். இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் காணலாம். 1731இல் கோத்தன்பர்க் நகரில் ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் இரண்டாவது பயணத்தில் ‘ராணி உல்ரிகா எலியனோரா’ என்ற கப்பல் 1733இல் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. உள்ளூர் ஆட்சியின் இசைவோடு ஸ்வீடன்காரர்கள் கரையில் ஒரு பண்டகசாலை அமைத்தார்கள். புதிய போட்டியாளரைக் கண்டதும், எந்நேரமும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கைகோத்தனர். அதே ஆண்டில் இரு தரப்புப் படைகளும் சேர்ந்து வந்து பண்டகசாலையைக் கைப்பற்றின. ஸ்வீடன் அரசு ஆண்டுக்கணக்கில் இழப்பீடு கேட்டு எழுதிக்கொண்டிருந்தது. கோட்டை இருந்திருந்தால் அவர்கள் தாக்குப் பிடித்திருக்கலாம். ஆனால் கோட்டை உள்ள துறைக்குள் அவர்களை யாரும் விட்டிருக்கவே மாட்டார்கள்.

இன்று அங்கு சென்று பார்க்கும் மாணவர் ஏமாந்து போவதற்கும் இதுவே காரணம். தரங்கம்பாடியைப் போல நின்று படம் பிடித்துக்கொள்ளும்படியான ஒரு கோட்டை இல்லை. கட்டடம் இல்லாத வரலாறு பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

1781

அந்த ஒரு வரியின் செய்தி இது. இரண்டாம் மைசூர்ப் போரில், 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. அப்போது அவர் மகன் கரீம் சாகிப் தலைமையில் ஒரு குதிரைப்படை பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டது. காவல் இல்லாத, செல்வம் நிறைந்த ஊர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறு ஆண்டு ஜூனில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், சிதம்பரம் கோயிலுக்குள் இருந்த ஹைதரின் படையைத் தாக்கித் தோற்றுப் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். அங்கிருந்து கடலூருக்குச் செல்ல வேண்டிய வழியை ஹைதர் மறித்து நின்றார்.

1781 ஜூலை 1 அன்று போர் நடந்தது. கூட்டிடம் சுமார் 8,000 பேர். ஹைதரின் படை அதைப்போல் பல மடங்கு. போரின் முடிவைத் தீர்மானித்ததில் நிலவியலுக்குப் பங்கு உண்டு. கடற்கரையை ஒட்டி நீண்ட மணல்மேடுகள் இருந்தன. பீரங்கி வண்டிகளை இழுத்துச் செல்ல ஹைதரின் ஆட்களே மேடுகளினூடே ஒரு வழி அமைத்திருந்தார்கள். கூட்டின் படை மேடுகளின் மறைவில் சென்று அவ்வழியாகவே நுழைந்து பக்கவாட்டில் தாக்கியது. ஹைதர் பின்வாங்கினார். வென்றவர் யார் என்பதைப் புத்தகம் சொல்லும். ஓராண்டுக்குள் ஒருமுறை கொள்ளை போய், இருமுறை படைகளுக்குச் சோறு போட்ட ஊரின் கதியைச் சொல்லாது.

மரைக்காயர்களும் மாலுமியாரும்

கம்பெனிகள் வருமுன்பும் வந்தபின்பும் இத்துறையின் முதுகெலும்பு தமிழ் முஸ்லிம் கப்பல் வணிகர்களே. மரைக்காயர் என்று நாம் சொல்வோரை ஐரோப்பிய ஆவணங்கள் ‘சூலியா’ என்று குறிக்கின்றன. இவர்களின் கலங்கள் அச்சே, கெடா, மலாக்கா, பெகு என்று வங்கக் கடலின் மறுகரைக்குச் சோழமண்டலத் துணியைக் கொண்டுசென்றன. பினாங்கில் 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் நிறுவனர் காதர் முகைதீன் மரைக்காயர், பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர் என்று பினாங்கு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

1906ஆம் ஆண்டின் தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியர், இவ்வூரின் இரண்டு அடக்கத்தலங்களைப் பற்றிச் சுவையாகச் சொல்கிறது. ஒன்று மாலுமியார் தர்கா. உயிரோடு இருந்தபோது அவர் பெரிய கப்பல் தலைவராம். பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் வைத்திருந்து, ஒரே நேரத்தில் எல்லாவற்றின் மேல்தளத்திலும் தலைவராக நின்றாராம். கடலுக்குப் போகிறவர்களும் பிழைத்துத் திரும்பியவர்களும் அவர் உண்டியலில் காசு போடுவார்கள். அதில் விளக்கும் வெள்ளையடிப்பும் நடக்கும்.

மற்றொருவர் அரைக்காசு நாச்சியார். அந்த அம்மாளுக்குச் செலுத்தும் காணிக்கை மிகச் சிறிய காசுக்கு மேல் போகக்கூடாது, போனால் பலிக்காது. அந்தக் காசுக்குச் சர்க்கரை வாங்கிப் படைப்பார்கள். அவ்வளவு சிறிய காசுக்குச் சர்க்கரை கிடைக்காவிட்டால் சுண்ணாம்பு வாங்கிப் பூசுவார்கள். இதனால் அடக்கத்தலத்தில் சுண்ணாம்பு அடை அடையாக ஏறிவிட்டது என்கிறது கெசட்டியர். பணக்காரக் கப்பல் முதலாளிகளின் ஊரில், அதிகம் கொடுத்தால் ஏற்காத ஒரு நாச்சியாரை மக்கள் வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எந்தப் போரையும்விட அது இவ்வூரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இரும்பு ஆலை

டச்சுக்காரர் தம் இந்தியக் குடியிருப்புகளை 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் சென்றனர். அடுத்த சில ஆண்டுகளில், வணிகத் துறைமுகம் தொழில் ஊராகும் முயற்சி நடந்தது. கம்பெனி அதிகாரியாக இருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் இங்கு இரும்பு ஆலை தொடங்கினார். ஐரோப்பிய முறையில் ஊதுலை வைத்துப் பெரிய அளவில் இரும்பு உருக்க இந்தியாவில் நடந்த தொடக்க முயற்சிகளில் இது முக்கியமானது. தாது சேலத்திலிருந்து வந்தது. நிலக்கரி இல்லை, மரக்கரிதான் எரிபொருள். மலையடிவாரத்தில் வைத்திருக்க வேண்டிய ஆலையைக் கடலோரத்தில் வைத்ததற்குக் காரணம், உருக்கிய இரும்பை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுவது எளிது என்பதே.

இரும்பின் தரம் பாராட்டப்பட்டது. வேல்ஸில் 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் இந்த இரும்பு பயன்பட்டதாகத் தொழில் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. ஊதுலை தின்ற மரத்துக்கு ஈடாகக் காடு வளரவில்லை. அருகில் இருந்த மரம் தீரத் தீரக் கரி வரும் தூரம் கூடியது, விலையும் கூடியது. நிர்வாகம் கைமாறியது, 1860களில் ஆலை ஓய்ந்தது. ஹீத் இதற்கு முன்பே ஷெஃபீல்டில், எஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றிருந்தார். அந்த முறையால் ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் பணம் பார்த்தார்கள். அவரோ வழக்கு நடத்தியே 1851இல் இறந்தார்.

1870களில் தென்னிந்திய ரயில்வே வந்தபோது பரங்கிப்பேட்டைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. ரயில் ஊருக்கு நல்லதுதான், துறைமுகத்துக்கு அன்று. உள்நாட்டுச் சரக்கு நேராகச் சென்னைக்குப் போகத் தொடங்கியது.

ஊர்ச் சாப்பாடு

துறைமுகம் போனது, கழிமுகம் போகவில்லை. வெள்ளாற்றில் கொடுவா, மடவை, கெளிறு, இறால், சேற்று நண்டு எல்லாம் உண்டு. கடலில் நீலக்கால் நண்டு, நெத்திலி, மத்தி. முகத்துவாரத்தை ஒட்டிய அன்னங்கோயில் இறங்குதுறையில் காலையில் நின்றால், சந்தைக்குப் போகும் முன் மீனின் நிறம் என்ன என்பதை அறியலாம். ஓத நீரில் வளர்ந்த மடவைக்குக் கொழுப்பு அதிகம். அதற்குப் புளி குறைவாக, மிளகு தூக்கலாக வைப்பார்கள். நண்டுக்குச் சோம்பும் சின்ன வெங்காயமும் நசுக்கிப் போட்டால் போதும் என்பார்கள். தேங்காய் அரைத்து ஊற்றுகிற வீடும் உண்டு. எது சரி என்று அவ்வூரில் கேட்காமல் இருப்பது நல்லது.

எங்களைப் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு இந்தக் கடல் கருவாடாகத்தான் வந்து சேர்ந்தது. ஐஸ் பெட்டி வருமுன், விருத்தாசலம் சந்தையில் நெத்திலிக் கருவாடும் சுறாக் கருவாடும்தான் கடல் உணவு. கத்திரிக்காய், மொச்சையோடு கருவாட்டுக் குழம்பு, கேழ்வரகுக் களி: என் தாயார் காலத்து ஞாயிற்றுக்கிழமை இது.

முஸ்லிம் வீடுகளின் சமையல் வேறு திசையைக் காட்டும். குழம்பை ஆணம் என்பார்கள், காலை உணவைப் பசியாறல் என்பார்கள். இடியாப்பமும் ஆணமும், நோன்பு மாதத்தில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் சேர்ந்த நோன்புக் கஞ்சி, விருந்தில் பலர் ஒரே தட்டைச் சுற்றி உண்ணும் சஹன் சாப்பாடு என்று இவை சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம் ஊர்களுக்குப் பொதுவானவை. இவற்றில் வட்டலப்பம் கடல் கடந்த உறவைச் சொல்வது. முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம் அல்லது சர்க்கரை, ஏலம் கலந்து ஆவியில் வேகவைக்கும் இந்த இனிப்புக்கு இலங்கையிலும் மலாய் மக்களிடமும் நெருங்கிய உறவுகள் உண்டு. துணி ஏற்றிப் போன கலங்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

துறைமுகங்களின் சமையல் எங்கும் இப்படித்தான். பரங்கிப்பேட்டைக்கு வந்த அதே போர்ச்சுக்கீசியர் 1571 முதல் ஜப்பானின் நாகசாகியிலும் வணிகம் செய்தனர். அதே டச்சுக்காரர் 1641 முதல் அங்கே தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் அடைத்து வைக்கப்பட்டனர். நாகசாகியின் பெருமையான கஸ்தெல்லா கேக் போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்றது. நாம் பரங்கிக்காய் என்பதை ஜப்பானியர் ‘கபோச்சா’ என்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் அதைக் கம்போடியா வழியாகக் கொண்டுவந்ததால் அப்பெயர். கொடுத்தவர் பெயரை நாம் வைத்தோம், வழியில் தங்கிய நாட்டின் பெயரை அவர்கள் வைத்தார்கள். நம் கோடுபோட்ட பருத்தித் துணியும் அங்கே போயிருக்கிறது. சாந்தோம் என்ற மயிலாப்பூர்ப் பெயரால் ஜப்பானியர் அதைச் ‘சந்தோமே’ என்றனர்.

விருத்தாசலத்துக்காரன் என்பதால் இரண்டு சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊர் பீங்கான் பொம்மைக்குப் பெயர் பெற்றது. பீங்கான் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. மலாய் மொழியில் தட்டுக்கு ‘பிங்கான்’ என்று பெயர். கப்பலில் வந்த சொல் அது. இன்னொன்று முந்திரி. பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரம் இன்று விருத்தாசலம், பண்ருட்டிச் செம்மண்ணில் காடாக நிற்கிறது. வட்டலப்பத்தின் மேல் தூவுகிற முந்திரி எங்கள் பக்கத்திலிருந்து போவதுதான்.

இன்று

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றுக் கரையில் 1961 முதல் உள்ளது. கழிமுகத்தின் உப்பளவு முதல் நண்டின் வளர்ச்சி வரை அங்கு ஆராயப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையோரக் குப்பங்களில் பல உயிர்களைக் கொண்டுபோனது. கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, மரங்கள் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கண்டது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது எங்கள் பக்கத்து முந்திரி மரங்களே வேரோடு சாய்ந்தன.

விருத்தாசலத்திலிருந்து செல்பவர்கள் ரயிலில் கடலூர் துறைமுகச் சந்திப்பு வரை போய், சிதம்பரம் செல்லும் வண்டிக்கு மாறி, பரங்கிப்பேட்டை நிலையத்தில் இறங்கலாம். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஓதம் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மணல்திட்டைத் தாண்டப் போதிய தண்ணீர் ஏறும்வரை அன்னங்கோயிலுக்கு வெளியே படகுகள் வரிசையாகக் காத்து நிற்பதை அப்போது பார்க்கலாம்.